ஒளியின் வழி கண்ட பேரறிஞர் இப்னுல் ஹைதம்

விண்ணில் சுற்றிவரும் செயற்கைக்கோள் எடுத்த பூமியின் படத்தை இன்று பார்த்திராத பிள்ளை இல்லை எனலாம். பாடநூலிலோ, தொலைக்காட்சியின் வானிலைச் செய்தியிலோ, தந்தையின் கைப்பேசியிலோ அப்படம் வந்துவிடுகிறது. நீலக் கடலும், பச்சைக் காடும், பழுப்பு நிறப் பாலைவனமும், அவற்றின் மீது பஞ்சுப் பொதிகளைப் போல் வெண்மேகங்களும் அதில் தெரிகின்றன. பார்த்த பிள்ளை வாளாவிருப்பதில்லை. அவ்வளவு உயரத்திலிருந்து அது எப்படிப் பார்க்கிறது, அதற்கும் கண் உண்டா, கடல் மட்டும் ஏன் நீலமாக இருக்கிறது, இரவில் எடுத்த படத்தில் ஏன் காடும் வயலும் தெரிவதில்லை என்று கேட்டுக்கொண்டே போகிறது. பெரியவனானால் தெரிந்துகொள்வாய் என்று கூறி நம்மில் பலர் அக்கேள்விகளை அடக்கிவிடுகிறோம்.

இக்கேள்விகள் அனைத்திற்கும் வேர் ஒன்றே. பார்த்தல் என்பது என்ன? கண்ணிலிருந்து ஏதோ ஒன்று புறப்பட்டுச் சென்று பொருளைத் தொடுகிறதா, அன்றிப் பொருளிலிருந்து ஏதோ ஒன்று கண்ணை வந்தடைகிறதா? ஆயிரத்து முந்நூறு ஆண்டுக் காலம் கிரேக்க ஞானிகளும் அவர்கள்வழி வந்தோரும் வாதிட்டும் தீராதிருந்த இக்கேள்விக்குச் சோதனையின் துணைகொண்டு விடை கண்ட பெருமகன் பஸராவில் பிறந்து கெய்ரோவில் மறைந்த அபூ அலீ அல் ஹஸன் இப்னுல் ஹைதம் ஆவார். அன்னாரின் வாழ்வில் பெருமைப்படுவதற்குரியன பல உண்டு. அவற்றைவிடப் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுப்பதற்குரியன மிகப் பல உண்டு.

பஸராவின் மைந்தர்

இப்னுல் ஹைதம் சுமார் 965-ஆம் ஆண்டில், அதாவது ஹிஜ்ரி 354-ல், ஈராக்கின் துறைமுக நகரான பஸராவில் பிறந்தார். அக்காலத்து பஸரா வணிகத்திற்கு மட்டுமன்றிக் கல்விக்கும் பெயர் பெற்றிருந்தது. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே பக்தாதில் கிரேக்க நூல்கள் பல அரபு மொழியில் பெயர்க்கப்பட்டுவிட்டன. யூக்ளிடின் வடிவ கணிதமும், தாலமியின் வானநூலும், அரிஸ்டாட்டிலின் தத்துவமும், கேலனின் மருத்துவமும் அரபு அறிந்த மாணவனுக்குக் கைக்கெட்டும் பொருள்களாய் இருந்தன. இப்னுல் ஹைதம் அவற்றையெல்லாம் ஆழ்ந்து கற்றார்.

கற்கக் கற்க அவர் உள்ளத்தில் ஐயங்கள் முளைத்தன. பார்வையைப் பற்றி இப்பெரியார்கள் கூறியவை ஒன்றோடொன்று முரண்பட்டு நின்றன. யூக்ளிடும் தாலமியும் கண்ணிலிருந்து கதிர்கள் வெளிப்பட்டுப் பொருள்களைத் தொடுவதாலேயே பார்வை உண்டாகிறது என்றனர். அரிஸ்டாட்டில் அதனை மறுத்துப் பொருளின் தோற்றமே இடையிலுள்ள ஊடகத்தின் வாயிலாகக் கண்ணை அடைகிறது என்றார். கேலனோ மூளையிலிருந்து நரம்பின் வழியே கண்ணுக்கு வரும் ஓர் ஆவியைக் கொண்டு விளக்கம் தந்தார். கணித மேதைகள் ஒரு பக்கமும் தத்துவ மேதைகள் ஒரு பக்கமும் நின்று வாதிட்டனரேயன்றி, இரு சாராரையும் ஒரு தராசில் நிறுத்துப் பார்ப்பார் இல்லை. அந்தத் தராசைத் தேடுவதே இப்னுல் ஹைதமின் வாழ்க்கைப் பணியாயிற்று.

அதற்குமுன் அவர் வாழ்வில் ஒரு பெரும் சோதனை காத்திருந்தது.

நைல் நதியின் அழைப்பு

எகிப்து நாட்டின் உயிர் நைல் நதியாகும். அன்று ஆண்டுதோறும் அதில் வெள்ளம் வரும். வெள்ளம் அளவோடு வந்தால் விளைச்சல்; மிகுந்தால் அழிவு; குறைந்தால் பஞ்சம். தாம் எகிப்தில் இருந்தால் இந்நதி எந்நிலையிலும் மக்களுக்குப் பயன்படுமாறு செய்துவிட முடியும் என்று இப்னுல் ஹைதம் கூறியதாக, அவருக்குச் சுமார் இருநூறு ஆண்டுகளுக்குப் பின் வாழ்ந்த வரலாற்றாசிரியர் இப்னுல் கிஃப்தி எழுதி வைத்துள்ளார். நதி தென்னெல்லையில் ஓர் உயர்ந்த இடத்திலிருந்து இறங்கி வருவதாகக் கேள்விப்பட்டதை வைத்தே அவர் அவ்வாறு கூறினாராம்.

அச்சொல் கெய்ரோவில் ஆட்சி புரிந்த ஃபாத்திமிய கலீபா அல் ஹாக்கிம் பிஅம்ரில்லாஹ்வின் காதுக்கு எட்டியது. அல் ஹாக்கிம் 996 முதல் 1021 வரை ஆண்டவர். கல்வியில் நாட்டமுடையவர்; 1005-ல் கெய்ரோவில் அறிவில்லம் ஒன்றை நிறுவியவர். அதே வேளையில் எப்போது எவர்மீது சினம் பாயும் என்று எவராலும் சொல்ல முடியாத இயல்பினர். அவரிடம் பணியாற்றிய உயர் அதிகாரிகள் பலர் அவர் ஆணையாலேயே உயிரிழந்தனர். அத்தகைய கலீபா பொன்னும் பொருளும் அனுப்பி பஸராவின் கணித மேதையை அழைத்தார். அவர் வந்தபோது நகருக்கு வெளியே அல் கந்தக் என்னும் சிற்றூர் வரை தாமே சென்று எதிர்கொண்டு வரவேற்றார் என்று இப்னுல் கிஃப்தி கூறுகிறார்.

ஆட்களும் கருவிகளும் உடன்வர இப்னுல் ஹைதம் நதியின் வழியே தெற்கு நோக்கிப் பயணமானார். வழி நெடுகிலும் பண்டைய எகிப்தியர் எழுப்பிய கட்டடங்களை அவர் கண்டார். அவற்றின் அளவும், வடிவ கணித ஒழுங்கும், கைவினையின் நேர்த்தியும் அவரைச் சிந்திக்க வைத்தன. இத்தகைய கட்டடங்களை எழுப்பத் தெரிந்த மக்களுக்கு நதியைக் கட்டுவது கூடுமானதாய் இருந்திருந்தால் அவர்கள் அதனைச் செய்யாமல் விட்டிருப்பார்களா என்ற எண்ணம் அவர் உள்ளத்தைத் தைத்தது. இறுதியில் அஸ்வானுக்கு அண்மையில் அல் ஜனாதில் எனப்படும் நீர்வீழ்ச்சிப் பகுதியை அடைந்தார். நதியின் இரு கரைகளையும் ஆராய்ந்தார். தாம் கேட்டறிந்ததும் கண்ணால் காண்பதும் ஒன்றல்ல என்று உணர்ந்தார். அன்றிருந்த கருவிகளைக் கொண்டு அது ஆகாத காரியம்.

ஈண்டு அவர்முன் இரு வழிகள் இருந்தன. எதையேனும் கட்டத் தொடங்கி, ஆண்டுகளைக் கடத்தி, பழியைப் பிறர்மீது போட்டுத் தப்பிக்கலாம். அன்றேல் திரும்பிச் சென்று தாம் சொன்னது தவறு என்று ஒப்புக்கொள்ளலாம். இரண்டாவது வழி எத்தகைய மன்னரிடம் கொண்டு சேர்க்கும் என்பதை அவர் அறிவார். எனினும் அவ்வழியையே தேர்ந்தார். நாணத்தோடு கெய்ரோவுக்கு மீண்டு கலீபாவிடம் உண்மையை உரைத்து மன்னிப்பு வேண்டினார்.

பூட்டிய வீடு

கலீபா அவரைத் தண்டிக்கவில்லை; திவானில் ஒரு பதவியை அளித்தார். ஆனால் அப்பதவியே அவருக்கு அச்சமாயிற்று. மனம் மாறும் மன்னரின் அருகில் எத்தனை நாள் உயிரோடிருக்க முடியும்? விலகுவதாகக் கூறினாலும் ஆபத்து, நீடித்தாலும் ஆபத்து. எனவே தமக்குச் சித்தம் கலங்கிவிட்டது போல் நடிக்கத் தொடங்கினார் என்று வரலாறு கூறுகிறது. கலீபா அவருடைய உடைமைகளைப் பொறுப்பாளர்களிடம் ஒப்படைத்து, அவரை ஒரு வீட்டில் அடைத்து வைத்தார். நதியைப் பற்றி உண்மை கூறத் துணிந்த அதே மனிதர் உயிருக்கு அஞ்சி இவ்வாறு நடித்தார் என்பதை மறைக்க வேண்டுவதில்லை. மேதைகளும் மனிதர்களே. 1021-ல் ஓரிரவு முகத்தம் குன்றுகளின் பக்கம் சென்ற அல் ஹாக்கிம் திரும்பி வரவில்லை. அதன் பின்னரே இப்னுல் ஹைதம் வெளியே வந்து தாம் சித்தசுவாதீனமுடையவரே என்பதை உலகுக்குக் காட்டினார். அவருடைய பொருள்களும் திருப்பித் தரப்பட்டன.

இக்கதையை மற்றொரு வரலாற்றாசிரியரான இப்னு அபீ உஸைபிஆ சற்று வேறு விதமாகவும் கூறுகிறார். பஸராவிலேயே அரசுப் பணியினின்று விடுபட அவர் அவ்வாறு நடித்தார் என்பது அக்கூற்று. இவற்றின் நுணுக்கங்களை இக்கால ஆய்வாளர்கள் விவாதித்து வருகின்றனர். ஆனால் இரண்டு கூற்றுகளிலும் ஒரே மனிதர்தாம் நிற்கிறார்: பதவியைவிட ஆராய்ச்சிக்கான தனிமையைப் பெரிதெனக் கொண்டவர் அவர்.

இருட்டறையில் பிறந்த விடை

அவருடைய பெருநூல் கிதாபுல் மனாழிர் ஆகும். ஏழு பாகங்களைக் கொண்ட இந்த ஒளியியல் நூல் பதினோராம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதப்பட்டது. இதில் அவர் முதலில் எடுத்துக்கொண்டது எல்லோரும் அறிந்த ஒரு செய்தியையே. கதிரவனை நோக்கினால் கண் கூசி வலிக்கிறது. பளிச்சிடும் ஒரு வெண்பொருளை நெடுநேரம் பார்த்துவிட்டு இருட்டில் நோக்கினால் அவ்வொளியின் வடிவம் கண்ணிலேயே சிறிது நேரம் தங்கி நிற்கிறது. கண்ணிலிருந்து கதிர் புறப்படுவதுதான் பார்வையென்றால் கண் ஏன் நோக வேண்டும்? ஒளிதான் வந்து கண்ணின்மீது செயல்படுகிறது என்பதற்கு இதுவே சான்று என்று அவர் கொண்டார்.

கண்ணிலிருந்து புறப்படும் கதிர் நெடுந்தொலைவிலுள்ள விண்மீன்களைக் கண்ணைத் திறந்த மாத்திரத்தில் தொட்டு மீள்வது எங்ஙனம் என்றும், அக்கதிர் எதையும் கொண்டுவந்து கண்ணிடம் சேர்க்காவிடில் கண் எதையும் அறியாது, கொண்டுவந்து சேர்க்குமாயின் வருவதே போதுமே, போவது எதற்கு என்றும் அவர் வாதிட்டார். இவ்வாறாகத் தத்துவ ஞானிகளிடமிருந்து ஒளி கண்ணுக்கு வருகிறது என்ற கருத்தையும், கணித ஞானிகளிடமிருந்து நேர்கோட்டுக் கதிர்களின் கணக்கையும் எடுத்து ஒன்றாக இணைத்தார். விளக்கமுற்ற பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒளி எல்லாத் திசைகளிலும் நேர்கோட்டில் பரவுகிறது. அதிற் கண்ணை வந்தடைவதாலேயே நாம் பார்க்கிறோம் என்று நிறுவினார்.

வாதத்தோடு அவர் நின்றுவிடவில்லை. இருட்டறை ஒன்றின் சுவரில் சிறு துளையிட்டு, வெளியே பல விளக்குகளை வெவ்வேறு இடங்களில் வரிசையாக வைத்தார். அறையின் உட்சுவரில் விளக்குக்கு ஒன்றாகப் பல ஒளிப்புள்ளிகள் தோன்றின. ஒரு விளக்கை மறைத்தால் அதற்கு நேரே உள்ள புள்ளி மட்டும் மறையும். மறைப்பை நீக்கினால் மீண்டும் அதே இடத்தில் தோன்றும். எல்லா விளக்குகளின் ஒளியும் அந்த ஒரே துளையின் வழியாகத்தான் வருகின்றன. எனினும் ஒன்றோடொன்று கலந்து குழம்பவில்லை. ஒவ்வொன்றும் தன் நேர்வழியிலேயே சென்றது. கண்ணின் சிறு பாவையின் வழியே ஒரு பெரிய உலகமே குழப்பமின்றி உள்ளே வருவது எப்படி என்பதற்கு இச்சோதனை வழிகாட்டியது.

துளையின் வழியே உருவம் விழும் செய்தி அவருக்கு முன்பும் சிலருக்குத் தெரிந்ததே. அவர் செய்த புதுமை யாதெனில், அதனை ஒரு வேடிக்கையாகக் கொள்ளாமல் அளந்து, மாற்றிப் பார்த்து, மீண்டும் மீண்டும் செய்து உறுதிப்படுத்தியதாகும். கதிரவன் கிரகணத்தின்போது துளையின் வழியே விழும் பிறை வடிவ ஒளியைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

நிறமும் நிலவும்

நிறத்தைப் பற்றியும் அவர் ஆராய்ந்தார். வெயில் படும் இடத்தில் அடர்ந்த நிறமுள்ள ஒரு பொருளை வைத்து, அதனருகே நிழலில் வெண்ணிறத் துணியைப் பிடித்தால் அத்துணியின்மீது அந்நிறம் மெல்லியதாகப் படர்வதை அவர் எடுத்துக்காட்டினார். பொருளின் நிறம் ஒளியோடு சேர்ந்தே பயணம் செய்கிறது. ஒளியில்லா இடத்தில் நிறமும் புலப்படாது. பல நிறக் கோடுகள் தீட்டிய பம்பரத்தைச் சுழற்றினால் அந்நிறங்கள் தனித்தனியே தெரியாமல் ஒரே கலவை நிறமாய்த் தோன்றுவதைக் கொண்டு, நிறத்தைக் கண் அறிவதற்கும் ஒரு கால அளவு தேவை என்று அவர் விளக்கினார். பிள்ளைகள் விளையாடும் பம்பரத்திலும் அவருக்கு ஒரு பாடம் இருந்தது.

அடிவானத்தில் எழும் முழுநிலவு பெரிதாகவும், உச்சிக்கு வந்தபின் சிறிதாகவும் தோன்றுவது ஏன் என்றும் அவர் ஆராய்ந்தார். நிலவு பருப்பதுமில்லை, சிறுப்பதுமில்லை. அடிவானத்து நிலவை இடையிலுள்ள மரங்களோடும் மேடுகளோடும் சேர்த்துப் பார்க்கும் நம் மனம் அதனைத் தொலைவிலுள்ளதாகக் கருதிப் பெரிதென முடிவு கட்டுகிறது என்பது அவர் தந்த முக்கிய விளக்கமாகும். கண் பெறுவது ஒளியை. அதற்குப் பொருள் காண்பது மனம். ஆதலால் பார்வையிலும் பிழை நேரும் என்று தெளிவுபடுத்தி, பார்வைப் பிழைகளுக்கென்றே தம் நூலில் ஒரு பாகத்தை ஒதுக்கினார்.

பேனாவால் வாழ்ந்தவர்

விடுதலை பெற்ற பின் அவர் மீண்டும் பதவியை நாடவில்லை. அல் அஸ்ஹர் பள்ளிவாசலின் வாயிலருகே தங்கி, யூக்ளிடின் நூலையும், தாலமியின் அல் மஜஸ்தியையும், அவ்விரண்டுக்கும் இடையில் கற்கப்படும் நூல்களையும் ஆண்டுக்கு ஒருமுறை தம் கையாலேயே படியெடுத்து, அதற்குக் கிடைத்த 150 எகிப்திய தீனார்களைக் கொண்டு ஓராண்டை ஓட்டி வந்தார் என்று இப்னுல் கிஃப்தி கூறுகிறார். மன்னர் மாளிகையின் விருந்தினராய் வந்தவர், எழுத்தாளராய்க் கூலிக்குப் படியெடுத்து வாழ்ந்ததைத் தாழ்வாகக் கருதவில்லை. எஞ்சிய நேரமெல்லாம் ஆராய்ச்சிக்கும் எழுத்துக்கும் உரியதாயிற்று. கணிதம், வானநூல், நிலவின் ஒளி, குழியாடிகள், கிப்லாவின் திசையைக் கணக்கிடும் முறை எனப் பல துறைகளில் அவர் எழுதிய நூல்கள் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை எனப் பழைய பட்டியல்கள் காட்டுகின்றன.

அவற்றுள் ஒன்று தாலமியின்மீது அவர் எழுப்பிய ஐயங்களைத் தொகுத்த நூல். தாலமி எழுதிய நூலைப் படியெடுத்து வயிறு வளர்த்தவரே அந்நூலின் குறைகளையும் எடுத்துக்காட்டினார் என்பது எண்ணத்தக்கது. முன்னோர்மீது கொண்ட மதிப்பால் அவர்கள் எழுதியதையெல்லாம் உண்மையென நம்பிவிடுதல் ஆகாது. வாசிப்பவன் ஒவ்வொரு பக்கத்தையும் எதிர்த்து நின்று சோதிக்க வேண்டும். அவ்வாறு சோதிக்கும்போது தன் சொந்தத் தீர்ப்பையும் ஐயுற வேண்டும். இல்லையேல் தன் விருப்பு வெறுப்பே தன்னை ஏமாற்றிவிடும் என்ற கருத்தை அதன் முன்னுரையில் வலியுறுத்தினார். பிறரை ஐயுறுவோர் உலகில் பலர். தன்னையும் சேர்த்து ஐயுறுவோர் மிகச் சிலர். நீரோட்டத்தின் முன் நின்று தம் சொல்லே தவறு என்று கண்ட மனிதர் எழுதிய வரிகள் அவை என்பதை நினைவிற் கொண்டால் அவற்றின் எடை புரியும்.

இப்னுல் ஹைதம் சுமார் 1040-ல், ஹிஜ்ரி 430-ஐ ஒட்டி, கெய்ரோவில் வபாத்தானார்.

அவருக்குப் பின்

அவர் நூல் சுமார் 1200-ஐ ஒட்டி லத்தீன் மொழிக்குப் பெயர்க்கப்பட்டது. அல்ஹசென் என்ற பெயரால் ஐரோப்பா அவரை அறிந்தது. ரோஜர் பேக்கன் முதலானோர் அதனைக் கற்றனர். 1572-ல் பாஸல் நகரில் அது அச்சேறியது.

அவருடைய நூலிலும் பிழைகள் இருந்தன. கண்ணின் வில்லையின் முன்புறத்திலேயே ஒளியுணர்வு தொடங்குகிறது என்று அவர் கருதினார். பின்னாலுள்ள விழித்திரையில்தான் உருவம் தலைகீழாக விழுகிறது என்பதை 1604-ல் கெப்ளர் எடுத்துரைத்தார். வானவில்லுக்கு இப்னுல் ஹைதம் தந்த விளக்கமும் சரியன்று. அதனைத் திருத்தியவர் பாரசீகத்தைச் சேர்ந்த கமாலுத்தீன் அல் ஃபாரிஸி. 1267 முதல் 1319 வரை வாழ்ந்த இவ்வறிஞர், தம் ஆசான் குத்புத்தீன் அஷ்ஷீராஸி காட்டிய வழியில் கிதாபுல் மனாழிரைக் கற்று அதற்கு விரிவுரை எழுதியவர். நீர் நிரம்பிய கண்ணாடி உருண்டையை ஒரு பெரிய மழைத்துளியாகக் கொண்டு, இருட்டறையில் அதன்மீது ஒளியைச் செலுத்தி ஆராய்ந்தார். ஒளி துளிக்குள் நுழைகையில் ஒருமுறை விலகி, உள்ளே ஒருமுறை எதிரொளித்து, வெளிவருகையில் மீண்டும் விலகுவதே வானவில்லின் காரணம் எனக் கண்டார். குருவின் கருத்தைத் திருத்தக் குருவின் இருட்டறையையே மாணவர் பயன்படுத்தினார். இப்னுல் ஹைதமுக்கு இதைவிடச் சிறந்த மரியாதை வேறில்லை.

விண்ணிலிருந்து நைல்

இப்போது பிள்ளையின் கேள்விக்குத் திரும்புவோம். 1972 டிசம்பர் 7-ல் சந்திரனை நோக்கிச் சென்ற அப்பல்லோ 17 விண்கலத்திலிருந்து பூமியின் முழு வட்டமும் ஒளிரும் புகழ்பெற்ற படம் எடுக்கப்பட்டது. ஆப்பிரிக்காவும் அரபுத் தீபகற்பமும் அதில் தெளிவாகத் தெரிகின்றன. அதே ஆண்டு ஜூலை 23-ல், நிலப்பரப்பை ஆராய்வதற்கென லேண்ட்சாட் வரிசையின் முதல் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. இவ்வரிசையில் 2013-ல் ஏவப்பட்ட லேண்ட்சாட் 8 சுமார் 705 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றி, 16 நாள்களுக்கு ஒருமுறை பூமியின் ஒவ்வோர் இடத்தையும் மீண்டும் பார்க்கும்படி அமைக்கப்பட்டது.

இத்தகைய செயற்கைக்கோளின் கருவி பூமியை நோக்கி எந்தக் கதிரையும் வீசுவதில்லை. கதிரவனின் ஒளி நிலத்தின்மீதும் நீரின்மீதும் பட்டு மேலே திரும்பி வருகிறது. வருவதை அது வாங்கிக்கொள்கிறது. இப்னுல் ஹைதம் கண்ணைப் பற்றிக் கூறியதே இதற்கும் பொருந்துகிறது. இரவில் அவ்வொளி இல்லாததால் காடும் வயலும் தெரிவதில்லை. நகரங்களில் மனிதன் ஏற்றிய விளக்குகளே தெரிகின்றன. கடல்நீர் ஒளியிலுள்ள சிவப்பைப் பெரிதும் விழுங்கி நீலத்தைத் திருப்புவதால் கடல் நீலமாகிறது. இலைகளிலுள்ள பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் உண்டு பச்சையில் ஒரு பகுதியைத் திருப்புவதால் காடு பச்சையாகிறது. மேகம் எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒன்றுபோல் சிதறச் செய்வதால் வெண்மையாகிறது.

சில செயற்கைக்கோள் படங்களில் வயல்கள் செக்கச் செவேலெனத் தெரிவதைப் பிள்ளைகள் கண்டு வியப்பதுண்டு. பயிர் கருகிவிட்டது என்று பொருளன்று. நம் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியை நலமான இலைகள் மிகுதியாகத் திருப்பி அனுப்புகின்றன. கருவி அதனையும் பதிவு செய்கிறது. காணாத ஒளியைக் காட்டுவதற்காக அறிஞர்கள் அதற்குச் சிவப்பு நிறம் கொடுக்கிறார்கள். எனவே செழித்த வயல் மிகச் சிவப்பாகவும் வாடிய வயல் மங்கலாகவும் தோன்றும். படத்தைப் பார்ப்பது வேறு, படத்தின் பொருளை அறிவது வேறு என்ற இப்னுல் ஹைதமின் பாடம் இங்கும் நிற்கிறது.

எகிப்தின் படத்தை எடுத்துப் பிள்ளைக்குக் காட்டுங்கள். பழுப்பு நிறப் பாலையின் நடுவே பச்சை நாடாவைப் போல் நைல் ஓடுவது தெரியும். தெற்கே சென்றால் சுமார் 500 கிலோமீட்டர் நீளத்திற்கு ஓர் ஏரி கருநீலமாய் விரிந்திருக்கும். 1960-ல் தொடங்கி 1970-ல் முடிக்கப்பட்ட அஸ்வான் பேரணையால் உண்டான ஏரி அது. இப்னுல் ஹைதம் நின்று, முடியாது என்று தலைகுனிந்து திரும்பிய இடம் அந்த அணைக்கு அருகில்தான். அவர் கனவு பொய்யன்று. அதற்குரிய கருவிகள் பிறக்க ஒன்பது நூற்றாண்டுகளுக்கும் மேலாயின. நிறைவேறிய அக்கனவைக் காட்டும் படமோ, அவர் தம் தோல்விக்குப் பின் நூலாக்கிய ஒளியின் விதிப்படியே நம்மை வந்தடைகிறது.

பிள்ளைகளுக்குச் செய்ய வேண்டுவது

முன்னோர் பெருமையைப் பேசுவதில் நாம் யாருக்கும் இளைத்தவரல்லர். மேடைகளிலும் மலர்களிலும் இப்னுல் ஹைதமின் பெயர் அடிக்கடி ஒலிக்கிறது. 2015-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை உலக ஒளி ஆண்டாக அறிவித்தபோது, அவர் நூலின் ஆயிரமாவது ஆண்டு நினைவும் உலகெங்கும் கொண்டாடப்பட்டது. ஆனால் அவர் பெயரை மனனம் செய்த பிள்ளை அவர் செய்த சோதனை ஒன்றையேனும் செய்து பார்த்திருக்கிறதா? பெயரை மட்டும் நம்பச் சொல்லி அவரைக் கற்பித்தால், நம்பாதே, சோதித்துப் பார் என்று கற்பித்தவருக்கு அது நேர்மாறாகவன்றோ முடியும்?

இதற்குப் பெரும் செலவு ஏதுமில்லை. காலணி வாங்கிய அட்டைப் பெட்டி ஒன்றின் ஒரு பக்கத்தில் ஊசியால் துளையிடுங்கள். எதிர்ப்பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டு, எண்ணெய் தடவிய மெல்லிய தாளை ஒட்டுங்கள். அறையை இருட்டாக்கி, துளைக்கு முன் சற்றுத் தொலைவில் இரண்டு மெழுகுவர்த்திகளை இடைவெளி விட்டு ஏற்றிவைத்துத் தாளைப் பார்க்கச் சொல்லுங்கள். இரு சுடர்களும் தலைகீழாகத் தெரியும். வலப்புறச் சுடரைக் கையால் மறைத்தால் தாளில் எப்புறச் சுடர் மறைகிறது என்று முதலில் பிள்ளையை ஊகிக்கச் சொல்லி, பின்னரே மறைத்துக் காட்டுங்கள். ஊகம் தவறினால் நகைக்காதீர்கள். ஏன் தவறியது என்று கேளுங்கள்.

வெயில் விழும் சன்னலருகே சிவப்புத் துணியை விரித்து, பக்கத்தில் வெள்ளைத் தாளைப் பிடித்தால் தாள் சிவப்பேறுவதைக் காணலாம். பம்பரத்தின் தலையில் பல நிறம் தீட்டிய வட்டத் தாளை ஒட்டிச் சுழற்றலாம். பிறை பதினான்கில் மாலையில் எழும் நிலவைக் கையை நீட்டிச் சுண்டுவிரல் நுனியால் மறைத்துப் பார்த்து, நள்ளிரவில் உச்சி நிலவையும் அதே விரலால் மறைத்துப் பார்க்கச் சொல்லலாம். இரண்டும் ஒரே அளவு என்று விரல் சாட்சி கூறும், கண்ணோ ஒப்புக்கொள்ளாது. கதிரவனை மட்டும் நேராக நோக்க ஒருபோதும் அனுமதிக்க வேண்டா. அதனால் கண்ணுக்குக் கேடு விளையும்.

இவற்றைச் செய்து முடித்த பிள்ளையிடம் செயற்கைக்கோள் படத்தைக் கொடுத்தால், ஒளி எங்கிருந்து வந்தது, எதன்மீது பட்டது, என்ன நிறத்தோடு திரும்பியது என்று தானே கேட்டுத் தானே விடை சொல்லத் தொடங்கும். விடை தெரியாத கேள்வியை அது கேட்டால், எனக்குத் தெரியவில்லை, இருவரும் சேர்ந்து பார்ப்போம் என்று கூற நாம் நாண வேண்டியதில்லை. வல்லமை மிக்க ஒரு கலீபாவின் முன் நின்று தம் அறியாமையை ஒப்புக்கொண்ட பெரியாரின் வாழ்வு நம்முன் இருக்கிறது. தன் வீட்டுப் பிள்ளையின் முன் அதனை ஒப்புக்கொள்வது அத்துணைக் கடினமானதன்று. அறிவின் வாயில் அங்கேதான் திறக்கிறது. இருட்டறையின் சிறு துளையைப் போல, அதன் வழியே ஓர் உலகமே உள்ளே வரும்.